வேதநாயகம் விரித்த படுக்கை

திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டிக் குடமுருட்டிக் கரையோரமாகப் போனால் வேதநாயகத்தின் வீட்டை யாரும் தவறவிட முடியாது. ஊரார் வீட்டுக் கொடிகளில் கைலியும் பாவாடையும் கோணல்மாணலாகக் காயும்போது, அவர் வீட்டுக் கொடியில் மட்டும் வெள்ளை விரிப்புகள் ஓரம் ஓரத்தோடு பொருந்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கும். கொடியில் போடும்போதே மடிப்பு விழாமல் போடுவது எப்படி என்று தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டால் போச்சு. கேட்டவருக்கு டீ ஆறிவிடும், பஸ் போய்விடும், வந்த வேலையும் மறந்துவிடும்.

அவரைக் கேலி செய்யாத ஆள் ஊரில் கிடையாது. நாற்றுக்கட்டு தூக்காத கை, டிராக்டர் ஓட்டாத கை, தலையணைக்கு உறை மாட்டியே குடும்பத்தைக் கரையேற்றிய கை என்று டீக்கடையில் பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமாங்க, பெட்டுதான் விரிச்சேன். நீங்க ஒருநாள் விரிச்சுக் காட்டுங்க, பாப்பம்" என்பார். தோஹாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெரிய ஓட்டலில் பத்தொன்பது வருடம் ரூம் பாயாக இருந்தவர் அவர். புதிதாக வேலைக்கு வரும் நேபாளத்துக்காரர்களையும் வங்காளத்துக்காரர்களையும் தொழில் படிக்க அவர் பின்னால்தான் அனுப்புவார்கள். அவர் விரித்த படுக்கையில் எறும்பு ஊர்ந்தால்கூடத் தடம் தெரியும். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, இருக்கவும் வேண்டியதுதான்.

ஊர் திரும்பியதும், கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்து இரண்டு அறை கட்டினார். பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், பூண்டி மாதாவுக்கு வருகிறவர்கள், சும்மா பச்சை வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆசைப்படும் பட்டணத்துக்காரர்கள் என்று யாராவது வந்து தங்குவார்கள் என்பது கணக்கு. அவருடைய மனைவி விண்ணரசிக்கு இதில் பாதி நம்பிக்கைதான். அவர் அங்கே படுக்கை விரித்த காலமெல்லாம் இங்கே குத்தகை நிலத்தில் நட்டு, களையெடுத்து, மடைக்குச் சண்டை போட்டு, அறுத்துக் கரை சேர்த்தவள் அவள். எதையும் நேராகப் பார்த்து நேராகச் சொல்லிவிடுவாள். ஆனாலும் கட்ட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மனுஷன் வீட்டில் இருப்பார், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அந்த 'வீட்டில் இருப்பார்' என்பதுதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. அறைகள் மாதத்தில் பாதி நாள் சும்மாக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து முத்துப்பேட்டை மூஸா கூப்பிட்டான். முதன்முதலில் அவரைத் தோஹாவுக்கு அனுப்பிவைத்த விசா ஏஜெண்டு அவன். பழைய ஓட்டலில் கைதேர்ந்த ஆட்களைத் திரும்பக் கேட்கிறார்கள், மாடிக்குப் பொறுப்பாளராகவே போகலாம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட வேண்டும் என்றான். வேதநாயகம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். விண்ணரசி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றாள்.

இதற்கிடையில் ஒரு வழியும் திறந்தது. சென்னையிலிருந்து சின்னச் சின்னக் குழுக்களாக ஆட்களை டெல்டாவுக்கு அழைத்துவரும் வானதி என்ற பெண், தங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். மார்கழி முதல் வாரத்தில் ஒரு ராத்திரி வந்து தங்கிப் பார்ப்பாள். பிடித்துவிட்டால் மாசி முடியும்வரை இரண்டு அறையும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் வேதநாயகம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இருவருக்கும் அது தெரியும், வாய்விட்டுத்தான் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை, விண்ணரசி கை வைத்தால் வெறும் கத்தரிக்காயும் மணக்கும். குளியலறைத் தரையில் முகம் பார்க்கலாம். கவலையெல்லாம் படுக்கையில்தான், அதுவும் போர்வையில்.

போர்வை என்று சொன்னால் வேதநாயகத்துக்கு ஆகாது. ஓட்டலில் சொல்வதுபோல 'டூவே' என்பார். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை அடைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து, வெள்ளை உறை போட்டது. விண்ணரசி அதற்கு மெத்தைப் போர்வை என்று பேர் வைத்திருந்தாள். அறைகளைக் கட்டிய கையோடு கரூருக்குப் போய் அதை வாங்கிவந்தார். கடைக்காரர் கனத்துக்கு ஒன்றாக எடுத்துப் போட்டு, "நம்ம பக்கத்துக்கு இந்த மெல்லிசே போதுங்க, ஏசி போட்டாலும் தாங்கும்" என்றார். வேதநாயகம் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். எது அதிகம் கனத்ததோ, எதை உதறி விரித்தால் படுக்கைமேல் பொங்கிக்கொண்டு உட்கார்ந்ததோ, அதையே எடுத்தார். தோஹாவில் அவர் விரித்ததெல்லாம் அந்தக் கனம்தான். மரியாதையான அறைக்கு மரியாதையான கனம் வேண்டாமா?

முதலில் வந்து தங்கிய மதுரைத் தம்பதி காலையில் கிளம்பிய பிறகு அறைக்குள் போனார். டூவே தரையில் கிடந்தது. மெத்தை விரிப்பை உருவி அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தார்கள். "உபயோகிக்கத் தெரியல பாவம்" என்று அவர்களுக்காக வருத்தப்பட்டார். அடுத்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஏசியைக் குளிர்காலம்போல் வைத்துக்கொண்டு அதற்குள் புதைந்து படுத்தார். நடுவில் கரண்ட் போய்விட்டது. காலையில் அவர் பனியனைப் பிழிந்ததை வேதநாயகம் பார்த்துவிட்டு, மின்வாரியத்தைத் திட்டினார். மழைக் காலம் வந்தபோது இன்னொரு தொல்லை. அந்தக் கனத்தைத் துவைத்துப் போட்டால் நாள் கணக்கில் காயவில்லை. உள்ளே ஈரம் தங்கி, மழையில் நனைந்த ஆட்டு வாடை அடித்தது. அதற்கு அவர் மழையைத் திட்டினார்.

அப்புறம் தங்கிவிட்டுப் போன கும்பகோணத்துக்காரர் ஒருவர் போனில் எழுதிப் போட்டார். விண்ணரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தாள்.

"இடம் நல்லா இருக்கு. சாப்பாடு பிரமாதம். படுக்கை கண்ணுக்கு அழகு. படுத்தா நெல் அவிக்கிற அண்டாக்குள்ள படுத்த மாதிரி இருக்கு."

படித்துவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேதநாயகம் முகத்தில் ஈயாடவில்லை.

"பீரோவுல சங்கு மார்க் பெட்ஷீட்டு இருக்கு. அதுல ஒண்ண மடிச்சு வச்சிருவோங்க" என்றாள்.

"இது லாட்ஜா? உனக்கு இதப் பத்தித் தெரியாது. வெள்ளக்காரன், அரபுக்காரன் எல்லாருமே அதப் போத்திக்கிட்டு எந்திரிக்க மனசில்லாமக் கெடப்பான். நான் எத்தன ஆயிரம் பெட்டு போட்ருக்கேன்."

"போட்டீங்க. படுத்திருக்கீங்களா?"

"என்ன?"

"அந்த மெத்தைப் போர்வையப் போத்திக்கிட்டு ஒரு நாளாவது நீங்க தூங்கியிருக்கீங்களாங்க?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். விருந்தாளி படுக்கையில் ஊழியர் உட்கார்ந்தாலே அங்கே வேலை போய்விடும். அவர் படுத்ததெல்லாம் ஊருக்கு வெளியே கேம்ப்பில், ஒரே அறைக்குள் பல பேர், அடுக்குக் கட்டில், விமானத்தில் கொடுத்ததுபோல ஒரு மெல்லிய கம்பளி. காலையில் அந்தக் கம்பளியை மடித்துவைத்துவிட்டுப் போய், நாள் முழுக்க மற்றவர்களின் தூக்கத்தை விரித்துவிட்டு வருவார். அதன் கனம் அவர் கைக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் இது தனக்கே தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வாங்க, இன்னைக்கு அங்க படுப்போம்" என்றாள் விண்ணரசி.

அப்படித்தான் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகள் ஆனார்கள். முதல் நாள் அவர் கட்டிலின் விளிம்பில், திருட்டு ரயில் ஏறியவர் மாதிரி ஒடுங்கிப் படுத்தார். தான் விரித்த படுக்கை கசங்குவதைப் பார்க்கவே மனசு வரவில்லை. டூவேயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு கழுத்தில் வேர்த்தது, முதுகில் வேர்த்தது, கால் இரண்டையும் வெளியே நீட்டினார், கடைசியில் மொத்தத்தையும் உதைத்துத் தள்ளினார். கும்பகோணத்துக்காரர் சொன்ன அண்டா வாஸ்தவம்தான். ஆனால் விடியும் முன்னே வயலில் பனி இறங்கியதும் இருவருக்கும் குளிரெடுத்தது. இந்தப் பக்கம் அவர் இழுத்தார், அந்தப் பக்கம் அவள் இழுத்தாள்.

மறுநாள் மெத்தையை விட்டு எழுந்த மனிதர் வேறு ஆள். இதற்கு ஒரு வழி கண்டே தீருவது என்று விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஏசி போட்டுக்கொண்டு ஒரு நாள், ஜன்னலைத் திறந்து ஃபேனோடு ஒரு நாள், மழை விட்ட இரவு, மழை பெய்த இரவு என்று படுத்துப் பார்த்தார்கள். கரூருக்கு மறுபடி போனார். அதே கடைக்காரரிடம் போய், "நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார். கடைக்காரர் பெரிய மனுஷன், குத்திக்காட்டாமல் மெல்லிசு ரகத்தை எடுத்துப் போட்டார். இந்தத் தடவை வேதநாயகம் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. கடையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொன்றையும் முழங்கைவரை போர்த்திக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தார். வந்து போனவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள்.

அவருக்குப் பிடிபட்டது இதுதான். தோஹாவில் குளிர் சுவருக்குள்ளிருந்து வரும், படுத்தது முதல் எழும்வரை ஒரே மாதிரி வரும். அங்கே ஒரே கனம் சரி. குடமுருட்டிக் கரையில் குளிர் அப்படி வராது. சம்பா கதிர் பிடிக்கும் காலத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். முன்னிரவில் அந்த ஈரக் காற்று புழுங்கும், பின்னிரவில் அதே காற்று எலும்பைத் தொடும். ஆகவே ஆரம்பத்துக்கு மெல்லிசாக ஒன்று, விடியற்காலைக்குக் கால்மாட்டில் இன்னொன்று. தூக்கம் கலையாமல் கையை நீட்டி இழுத்துக்கொள்ளும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் விண்ணரசியால் தெரிந்தது. அவருக்கு வேர்க்கும்போது அவளுக்குக் குளிர்ந்தது. அவர் போர்வையைத் தள்ளினால் அவள்மேலிருந்தும் போயிற்று. கட்டில் அகலத்துக்கு ஒரே டூவே என்பது ஓட்டல் சட்டம். நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் ஆளுக்கொரு போர்வைதான். பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கிய மனுஷன், அறை கட்டியதும் அதை மறந்துபோயிருந்தார்.

"ஆளுக்கொண்ணு வச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அழகா மடிக்கத்தான் நீங்க இருக்கீங்கல்ல" என்றாள் அவள்.

அது அவருக்கு உறைத்தது. இரண்டு நாள் கட்டிலோடு மல்லுக்கட்டினார். கடைசியில் இரண்டு மெல்லிய டூவேயையும் நீளவாக்கில் மடித்து, நடுவில் மாராப்பு மடிப்புபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி செய்தார். கால்மாட்டில் மூன்றாவதைப் பட்டையாகப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். தோஹாவில்கூட யாரும் இப்படிப் போட்டதில்லை. இது அவர் போட்டது, அவருடையது. நெஞ்சு நிறைந்துபோய் விண்ணரசியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "படுக்கவே மனசு வராது போலருக்கே" என்றாள். அவளுக்கும் பெருமைதான், மறைக்கத் தெரியவில்லை.

பழைய கனத்த டூவேக்களை என்ன செய்வது என்று விழித்தபோது, மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து கேட்டார்கள். உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் எங்கள் டெல்டா பெத்லகேமில் மலைமலையாகப் பஞ்சுப் பனி கொட்டிக் கிடந்தது. இடையர்கள் முழங்கால்வரை புதைந்து நின்றார்கள். கனத்துக்கு ஏற்ற இடம் கடைசியில் கிடைத்தது என்று வேதநாயகமே சொல்லிச் சிரித்தார்.

வானதி வந்தாள். நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுவாள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள். குழாயைத் திருகினாள், ஜன்னலை அடைத்துத் திறந்தாள், விண்ணரசியின் மீன் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அறை வாசல் நாற்காலியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தாள்.

"அது என் சால்வைங்கண்ணா. எங்க போனாலும் தூக்கிட்டுத்தான் போவேன். புது எடத்துல எனக்குத் தூக்கமே வராது. ஒண்ணு வேகும், இல்ல நடுங்கும். நாலு மணிக்கே எந்திரிச்சு வெளிய வந்து உக்காந்துருவேன், பயந்துராதீங்க."

"சரிங்க மேடம்."

படுக்கையைப் பார்த்ததும் நின்றாள். "ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தனை?"

"மேல இருக்கிறதுல ஒண்ணு இப்பப் போத்திக்கிறதுக்கு. கால்மாட்டுல இருக்கிறது விடியக்காலைக்கு. பனி எறங்குனதும் கை தானாப் போய் எடுத்துக்கும்." மேலும் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. விண்ணரசி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள், நிறுத்திக்கொண்டார்.

விடியற்காலையில் அவர்தான் முதலில் எழுந்து வந்தார். ஆற்றின்மேல் பனி மூடியிருந்தது. வானதி வெளியே உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்த்தார், நாற்காலியில் துணிப்பை மட்டும் இருந்தது. முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. வெளிச்சம் வந்தது. பால்காரர் வந்து போனார். கோயில் மணி அடித்தது. தென்னை உச்சிக்குமேல் வெயில் ஏறியது. விண்ணரசி காப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆறிப்போவுதுங்க. கதவத் தட்டவா?"

பத்தொன்பது வருடம் கதவு தட்டியே பிழைத்த மனிதர் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார். காதை ஜன்னல் பக்கம் சாய்த்தார், அவளையும் சாய்க்கச் சொன்னார். உள்ளிருந்து மெல்லிசாக, ஒரே சீராகக் குறட்டை வந்துகொண்டிருந்தது. விண்ணரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மூஸா. வேதநாயகம் செருப்பைக்கூடப் போடாமல் நுனிக்காலில் கிணற்றடிவரை நடந்து போய் எடுத்தார். விண்ணரசி டம்ளரோடு பின்னாலேயே போனாள்.

"அண்ணே, இன்னைக்குக் கடைசி. பாஸ்போர்ட்ட யாருகிட்டயாவது குடுத்து விடுறீங்களா, நான் ஆள் அனுப்பவா?"

"வேணாம் மூஸா. நான் வரல" என்றார் கிசுகிசுப்பாக.

"என்னண்ணே, ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

வேதநாயகம் அறையின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அதே கிசுகிசுப்பில் சொன்னார்.

"இதுக்கு மேல சத்தமாப் பேச முடியாதுப்பா. நம்ம வீட்ல ஆளு தூங்குறாங்க."

போனை வைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருந்த காப்பியை விண்ணரசியின் கையிலிருந்து வாங்கிப் பாதி குடித்தார். மீதியை அவள் குடித்தாள்.